இல்லாத உலைக்கு ஒரு தீமிதி

“மாரியாத்தாவுக்கு நூத்தியொரு ரூபா கடன் பாக்கி இருக்குடி. அதோட தீயும் மிதிக்கணும். போன்லயே சொன்னேன்ல?”

வெள்ளையம்மா ரப்பர் தோட்டத்து லயத்து வீட்டு வாசலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். வலது காலில் சுண்டு விரல் இல்லை. போன வருசம் சர்க்கரை வியாதி கொண்டுபோய்விட்டது.

மகள் கிருஷ்ணகுமாரி அந்தக் காலையே பார்த்துக்கொண்டு நின்றாள். அம்மா தீ மிதிக்கப் போகிறாள் என்று கேட்டுத்தான் நெதர்லாந்திலிருந்து இலங்கைக்கு அடித்துப் பிடித்துக்கொண்டு ஓடி வந்திருந்தாள். றக்வானை பஸ்ஸில் வளைந்து வளைந்து ஏறி, சற்று முன்தான் வந்து சேர்ந்தாள். நாளைக்குத் தீமிதி.

“இந்தக் காலோட நெருப்புல இறங்கினா காலே போயிடும்மா.”

“உன் உலை உருகிடக் கூடாதுன்னு வேண்டிக்கிட்டேன். வேண்டினதைச் செய்யாம விட முடியுமா? மக அணு உலையில வேலை பாத்தா, நான் எப்படிடி தூங்குறது?”

“ஐயோ, அந்த உலையை இன்னும் கட்டவே இல்லம்மா! எல்லாம் கம்ப்யூட்டருக்குள்ளதான்.”

“கட்டாத உலைக்கா சம்பளம் குடுக்கிறாங்க? நம்ம தோட்டத்துத் தொரை, எடுத்த ரப்பர் பாலுக்கே ஒழுங்கா குடுக்க மாட்டேங்கிறாரு.”

குமாரி சிரிப்பை அடக்கிக்கொண்டாள்.

“உப்பை உருக்கி, அதுலயே எரிபொருளைக் கலந்து ஓட விடுற உலைம்மா. கரண்ட் போனா என்ன ஆகும், பம்பு நின்னா சூடு எங்க போகும்னு முன்னாடியே தெரியணும். நெசமா உடைச்சுப் பாக்க முடியாதில்ல? அதான் கணக்குல பொய்யா ஒரு விபத்தை உண்டாக்கிப் பாக்கிறோம்.”

“பாத்தா?”

“அடியில, விசிறிக் காத்துல உறைஞ்ச உப்பால ஒரு அடைப்பு இருக்கும். கரண்ட் போனா விசிறி நின்னு அது உருகி, எல்லாம் கீழ இருக்கிற தொட்டிக்கு வடிஞ்சிடும். அங்க தானா ஆறிடும்.”

“பக்கத்துல ஆளே இல்லாட்டியும்?”

“ஆளே இல்லாட்டியும்.”

“தானா ஆறுற அடுப்புக்கு நீ எதுக்குடி நாலு வருசமாப் பக்கத்துலயே குந்தியிருக்க? விரலை எடுத்தப்பகூட லீவு கெடைக்கலன்னியே.”

குமாரி அம்மாவின் காலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். பாதம் சில்லென்றிருந்தது. கெஞ்சினாள், திட்டினாள், கடைசியில் அழுதே விட்டாள். அம்மா அசையவில்லை.

“சரி, போதும் புள்ள. மொகத்தைக் கழுவிட்டுத் தேத்தண்ணி குடி. கடைக்குப் போய்ட்டு வந்திர்றேன்” என்று நொண்டிக்கொண்டே படியிறங்கிப் போனாள்.

குமாரி தேத்தண்ணியைப் பாதியில் வைத்துவிட்டுக் கோயிலுக்கு ஓடினாள். பூசாரி ஏழுமலை தீக்குழிக்கு விறகு அடுக்கிக்கொண்டிருந்தார்.

“பூசாரி மாமா, எங்கம்மாவைத் தீயில இறங்க விடாதீங்க. உங்க கால்ல விழுறேன்.”

ஏழுமலை கையிலிருந்த கட்டையைக் கீழே போட்டார்.

“வெள்ளையம்மாவா? தீ மிதிக்கவா? அவங்க காப்பே கட்டலையே தாயி! காப்புக் கட்டாத ஆளை எப்படி இறக்குவேன்?”

“ஆத்தாவுக்கு நூத்தியொரு ரூபா கடன்னு சொன்னாங்களே?”

“அது வேற வேண்டுதல். இந்தத் திருவிழாவுக்காவது மக வீட்டுக்கு வந்துட்டா உண்டியல்ல போடுறேன்னு வேண்டியிருந்தாங்க. ‘என் கடன் தீந்துச்சு’ன்னு சிரிச்சுக்கிட்டே, இப்பத்தான் போட்டுட்டுப் போறாங்க.”