டாக்டருக்கு வண்டி ஓட்டத் தெரியாது

"ரெண்டு மாசமா இந்த மனுசனுக்கு இலையிலதான் சோறு போடறேங்க டாக்டர்" என்றாள் லூர்து மேரி. "தட்டைக் கையில குடுத்தா, வட்டமா இருக்குன்னு நடுங்கறாரு!"

மாரண்டஹள்ளி டாக்டர் பெரியண்ணன் சிரிக்கவில்லை. அவள் புருஷன் மதலைமுத்துவின் கைகளைப் புரட்டிப் பார்த்தார்.

மதலைமுத்து சேலம் பஸ் டிரைவர். தொப்பூர் இறக்கத்தில் பிரேக் போனபோது, பஸ்ஸை மலையோரமாய்ச் சாய்த்து நிறுத்தியவன். அத்தனை பேரில் ஒருவருக்கும் கீறல் இல்லை. கோழிக்கூடை ஒன்று கவிழ்ந்தது, அவ்வளவுதான். அன்றைக்குப் பிடித்தது நடுக்கம். முதலில் ஸ்டீயரிங்கை நினைத்தால் கை ஆடியது. அப்புறம் தட்டு, அப்பளம், கிணற்று ராட்டினம் என்று வட்டமாக எதைக் கண்டாலும் ஆடியது.

"வர்ற ஒண்ணாந்தேதிக்குள்ள வரலைன்னா வேற ஆளைப் போட்டுடுவேன்னு பஸ் முதலாளி சொல்லிட்டாருங்க. நான் ஒருத்தி கூலிக்குப் போயி மூணு புள்ளைங்களை எப்படிக் கரையேத்துவேன்?" மேரிக்கு அழுகை முட்டியது.

அவள் கொண்டுவந்த பாட்டிலில் டாக்டர் சிவப்பு மிக்சரை ஊற்றி, வேளைக்கு ஒரு வெட்டாய் அளவுக் காகிதம் ஒட்டிக் கொடுத்தார்.

"இது ஓடுற வண்டியில குடிச்சாத்தான் கேக்கும். நாளையிலிருந்து என் கார்ல வந்து உட்காரு."

மறுநாள் மதலைமுத்துவுக்கு உயிர் போய் உயிர் வந்தது. டாக்டர் அந்தப் பழைய ஆஸ்டினை ஓட்டினாரா, ஏர் உழுதாரா, தெரியவில்லை! வைக்கோல் போரில் மோதினார். எருமைக்கு வழிவிடுகிறேன் என்று வாய்க்காலில் இறக்கினார்.

"கிளச்சு! கிளச்சுங்க!"

"எது, இதுவா?" என்று பிரேக்கை மிதித்தார்.

அடுத்து, புளியமரம் ஒன்று நேரே வந்தது. மதலைமுத்து பாய்ந்து ஸ்டீயரிங்கைப் பிடித்து ஒடித்தான்.

"நகருங்க அந்தப் பக்கம்! உங்களுக்கெல்லாம் யாருங்க லைசென்ஸ் குடுத்தது?"

டாக்டர் சாதுவாய் நகர்ந்துகொண்டார். மிக்சரை இருவருமே மறந்துவிட்டார்கள்.

அன்றிலிருந்து தினமும் மதலைமுத்துதான் ஓட்டினான். டாக்டர் பின்சீட்டில் குறட்டை விட்டார். மேரிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"வைத்தியம்னு கூட்டிக்கிட்டுப் போயி, காசில்லாத டிரைவராக்கிட்டாரே! நோயாளிகிட்ட வேலை வாங்கறவரு ஒரு மனுசனா?"

"அவரு கையில காரைக் குடுத்தா இந்த ஊர்ல ஒரு மரம் மிஞ்சாது, மேரி" என்றான் மதலைமுத்து, தட்டை இடது கையில் ஏந்திச் சாப்பிட்டபடி. தட்டை அவனும் கவனிக்கவில்லை, போட்டுக் கொடுத்த அவளும் கவனிக்கவில்லை.

ஒண்ணாந்தேதி வேலைக்குக் கிளம்பும்போது டாக்டரிடம் கெஞ்சினான்.

"ஐயா, உங்களுக்குப் புண்ணியமாப் போகும், காரைத் தொடாதீங்க. நல்ல டிரைவரா நானே பார்த்து அனுப்பறேன்."

"ஆகட்டும்ப்பா."

தொப்பூர் இறக்கம். முதல் வளைவிலேயே கை லேசாக ஆடியது. கண்ணாடியைப் பார்த்தான். பின்னால் ஆஸ்டின்!

போச்சு! இந்த மனுஷர் இன்றைக்குப் பள்ளத்தில் விழாமல் ஓயமாட்டார் போலிருக்கே! அந்தப் பதைப்பில் சொந்த நடுக்கம் மறந்தே போயிற்று. வளைவுக்கு வளைவு கண்ணாடியைப் பார்த்தான். கார் ஒரு முழம்கூட விலகாமல் பின்னாலேயே வந்தது.

"குப்புராஜ், பின்னாடி டாக்டர் காரை யாருப்பா ஓட்டறது?"

கண்டக்டர் குப்புராஜ் எட்டிப் பார்த்தான். "டாக்டரேதாண்ணே. டாக்டருக்குப் படிக்கறதுக்கு முன்னாடி, பர்மா சண்டையில ஆம்புலன்ஸ் ஓட்டினவராச்சே! உனக்குத் தெரியாதா?"

மலை இறங்கியதும் ஆஸ்டின் வெண்ணெயாய் வழுக்கி பஸ்ஸைத் தாண்டியது. ஒரு கையில் ஸ்டீயரிங், மறு கையில் பொடிமட்டை. டாக்டர் தலையை வெளியே நீட்டினார்.

"ஓரம் போய்யா! உனக்கெல்லாம் யாரு லைசென்ஸ் குடுத்தது?"