அந்த விலைக்கே

“சார், அந்த மிக்ஸி நாலாயிரம். இணையதளத்துல ஒரு சைபர் விட்டுப்போய் நானூறுன்னு வந்திருச்சு. உங்க ஆர்டரை ரத்து பண்றோம்,” என்றாள் வாடிக்கையாளர் சேவைப் பெண்.

“போட்ட விலைக்கே குடுங்கம்மா.”

மூன்றாவது முறையாகக் கூப்பிடுகிறார். பிடித்த பிடியை விடுகிற ஆளாகத் தெரியவில்லை. அவள் மேலாளரிடம் கேட்டுவிட்டு வந்தாள்.

“அந்த விலைக்குக் குடுத்தா எல்லாருக்கும் குடுக்கணும் சார். உங்களுக்கு மட்டும் இலவசமாவே அனுப்பிடுறோம்.”

“சும்மா வேண்டாம். நானூறுன்னு பில் போட்டுக் குடுங்க.”

“அதுல உங்களுக்கு என்ன சார் லாபம்?”



“உங்க ஆபீஸ்ல அந்த விலையை டைப் பண்ணது என் பொண்ணும்மா. பண்ணிட்டு அப்படியே மேசையில சாஞ்சவ, எழுந்திரிக்கவே இல்ல. நீங்க அந்த விலைக்கே வித்துட்டா, அவ கடைசியாச் செஞ்ச வேலை தப்புன்னு ஆகாதுல்ல?”