சுண்ணாம்புப் பொட்டு

காக்காப்பொன் தகட்டை மூச்சுப் படாமல் எடுத்து வைத்தார்.

கண்ணாடி போல மெலிந்த வட்டம். கிராமபோன் ஊசியின் அதிர்வை வாங்கிக் குரலாக்குவது அதுதான். பழைய தகட்டில் மயிரிழைக் கீறல் ஒன்று. நாற்பது வருஷமாக அந்தக் கீறல் வழியே பாட்டு ஒழுகிப் போயிருக்கிறது.

தகட்டைச் சுற்றிப் பிடித்திருந்த ரப்பர் கல்லாகியிருந்தது. சுரண்டி எறிந்தார். சைக்கிள் வால்வு டியூபை வளையமாக வெட்டிப் பொருத்தினார். இடுக்கில் தேன்மெழுகு. இரும்பு ஊசி வேண்டாம், இரையும். உடைமரத்து முள் ஒன்றைச் சீவிச் செருகினார்.

மூன்று நாள் வேலை.

பெண் பார்க்கவா வருகிறார்கள் என்று மனைவி அடுப்படியிலிருந்து கேட்டாள். அவர் சிரிக்கவில்லை.

வருகிறவள் முறைப்பெண்தான். பிரமு, ஆவுடை அத்தையின் மகள். ஐம்பது வயதில் முதல் தடவையாக இந்த வீட்டுப் படி ஏறப்போகிறாள்.

போன மாதம் தூத்துக்குடியிலிருந்து கடிதம் எழுதியிருந்தாள். அம்மா காலமாகிவிட்டாள். அவள் பாடி நான் கேட்டதே இல்லை. தான் பாடிய இசைத்தட்டு உங்கள் வீட்டில் இருப்பதாகச் சொல்வாள். ஒருமுறை கேட்க வேண்டும்.

'ஐயா' என்று தொடங்கியிருந்தாள். உறவு கொண்டாடாதது அவருக்குப் பிடித்திருந்தது.

வரச் சொன்னார். இந்த வீட்டுக்கு வந்து கேட்கிறவள் காதில் கரகரப்பு விழக் கூடாது. அவ்வளவுதான்.

பொட்டு வரைக்கும்தான் கேட்பாள்.

பொட்டு அப்பா வைத்தது. பாட்டு முடிகிற இடத்தில், தட்டின் கடைசிச் சுற்றுகள் மேல், வெற்றிலைச் சுண்ணாம்பால் ஒரு புள்ளி. முள் அங்கே வந்ததும் தூக்கிவிட வேண்டும்.

அந்தக் காலத்துத் தட்டுகளில் பாட்டு முடிந்ததும் பாடியவர் தன் பெயரைச் சொல்வதுண்டு. அத்தையும் சொல்லியிருந்தாள். ஊரோடு, குடும்பத்தின் பெயரோடு.

பொங்கலன்று மட்டும் கிராமபோன் பெட்டி வெளியே வரும். அப்பாவே கைப்பிடியைச் சுற்றுவார். பித்தளைக் குழாயில் காலை வெயில் வழியும். அப்பா கண்ணை மூடி, தலையைச் சற்றே சாய்த்துக் கேட்பார். பொட்டு வரும்போது கண் தானாகத் திறந்துவிடும்.

பாடியது யார் என்று விருந்தாளிகள் கேட்டால், யாரோ ஒரு அம்மாள் என்பார்.

வீட்டில் சொல்லப்பட்ட கதை இது. அப்பா வழக்கு விஷயமாக மதுரையில் இருந்தார். அந்தச் சமயம் பார்த்துப் பதினேழு வயதுத் தங்கை யாரையோ துணை சேர்த்துக்கொண்டு சென்னைக்குப் போய்த் தட்டில் பாடிவிட்டாள். ஊர் வாய்க்கு வந்தபடி பேசியது. அப்பா அவளைத் தலைமுழுகினார்.

தன் இருபது வயதில், அப்பா வெளியே போயிருந்தபோது, ஒருமுறை அவர் ஊசியைத் தூக்காமல் விட்டுப் பார்த்தார். பெயர் மங்கலாகக் கேட்டது. அப்புறம் வெறும் இரைச்சல்.

அன்று அவருக்கு அவமானமாக இருந்தது. அதற்குப் பிறகு பொட்டைத் தாண்டியதில்லை. அப்பா போய் முப்பது வருஷமாகியும் தாண்டியதில்லை.

பிரமு நாலு மணிக்கு வந்தாள். சொன்ன பிறகுதான் உட்கார்ந்தாள். காப்பி ஆறிக்கொண்டிருந்தது.

முள்ளை இறக்கினார்.

குரல் குழாயிலிருந்து வரவில்லை. அறைக்குள் நின்று பாடியது.

இத்தனை பொங்கலில் கேட்காததெல்லாம் கேட்டது. அடிக்கு அடி மூச்சு வாங்குவது. வளையல் ஒன்று மோதுவது. குரல் உச்சிக்கு ஏறும்போதெல்லாம் ஒரு முழம் பின்னால் போய், இறங்கும்போது முன்னால் வருவது.

அது ஏன் என்று அவருக்குத் தெரியும். அந்தக் காலத்தில் ஒலி பதியும் குழாய்க்குள் வாயை வைத்தாற்போல்தான் பாட வேண்டும். மேலே போகும்போது குரல் பிளந்துவிடாமல் இருக்க, பாடுகிறவரின் தோளைப் பிடித்து ஒருவர் பின்னால் இழுப்பார். இறங்கியதும் முன்னால் விடுவார்.

யாரோ தோளைப் பிடித்திருக்கிறார்கள். ஒரு இடத்திலும் தப்பவில்லை. அவள் எங்கே ஏறுவாள் என்று முன்கூட்டியே தெரிந்த கை.

பொட்டு நெருங்கியது. அவர் கை தானாக நீண்டது.

பிரமுவைப் பார்த்தார். கண்ணை மூடி, தலையைச் சற்றே சாய்த்திருந்தாள்.

அப்பா அப்படித்தான் கேட்பார்.

நீண்ட கை அந்தரத்தில் நின்றது.

டக். முள் சுண்ணாம்பில் இடித்தது. டக். டக்.

பிறகு பெயர். பதினேழு வயதின் படபடப்போடு, ஊரும் குடும்பமும் சேர்த்து.

பிறகு, இரைச்சல் என்று அவர் நினைத்திருந்த இடத்தில், ஓர் ஆணின் குரல்.

"பலே, ஆவுடை."

அதன் வாலில் ஒரு சின்னச் செருமல்.

அப்பா இருந்த வரை அந்தச் செருமலைக் கேட்டுத்தான் இந்த வீடு தினமும் விழித்தது. பலே என்று அந்த வாய் சொல்லி அவர் கேட்டதில்லை.

தட்டு சும்மா சுற்றிக்கொண்டிருந்தது.

பிரமு கண்ணைத் திறந்தாள். "கூடப் போனது யாருன்னு அம்மை கடைசி வரைக்கும் சொல்லவே இல்ல, ஐயா. எவ்வளவோ கேட்டிருக்கேன். இது யாரு?"

யாரோ ஒருத்தர்.

சொல் நாக்கு வரை வந்துவிட்டது. சுவரில் அப்பா, சரிகைத் தலைப்பாகையோடு, நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவர் முதுகை நிமிர்த்தினார். தட்டை நிறுத்தினார். துண்டின் நுனியைத் தண்ணீரில் தொட்டு, அந்தப் பொட்டைத் துடைத்தார். அவசரப்படாமல், வெள்ளை துளியும் மிஞ்சாமல் துடைத்தார்.

"உன் தாய்மாமன்."

அவள் எழுந்து குழாய்க்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"இன்னொரு தடவை வைங்க, அத்தான்."

கைப்பிடி கண்ணுக்கு எதிரேதான் இருந்தது. அவர் அதைத் தடவித் தேடினார்.