இரவல் குரல்

"அம்மாதான். நீ பேசு."

பெர்மெட் கிசுகிசுத்துவிட்டு, அடித்துக்கொண்டிருந்த போனை மீரிம் கையில் திணித்தாள்.

மீரிமுக்கு ஒன்றும் புரியவில்லை. தலைநகர் பிஷ்கெக்கில் இருந்த அந்த ஜிம்மின் வரவேற்பு மேசையில் அவள் வேலைக்குச் சேர்ந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. பெர்மெட்டோ உடற்கட்டுப் போட்டியில் நாட்டுக்கே சாம்பியன். ஜிம் சுவர் முழுக்க அவள் படம்தான்.

"நான் என்னக்கா பேசறது?"

"நான் பேசற மாதிரியே பேசு. நல்லாருக்கேன், சாப்பிட்டேன், அது போதும். ஒரு மாசமா எடுக்கவே இல்ல. பயந்துக்கிட்டு இருப்பாங்க."

மீரிம் பேசினாள். மறுமுனையில் மேய்ச்சல் மேட்டின் காற்று இரைந்தது.

"பெர்மெட்டா? ஏண்டி செல்லம், போனே எடுக்க மாட்டேங்கிற?"

"போட்டி வேலைம்மா. நல்லாருக்கேன். சாப்பிட்டேன்."

அம்மா இன்னொரு தடவை, "பெர்மெட்டா?" என்றாள். பிறகு, குதிரை குட்டி போட்டதைச் சொன்னாள். பெர்மெட் போனின் பின்பக்கம் காதை ஒட்டிவைத்து, கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள்.

அன்றிலிருந்து அம்மா கூப்பிடும்போதெல்லாம் இதே கதைதான்.

மீரிமுக்கு எரிச்சல் வந்தது. பயிற்சியாளர் தாலாயிடம் கேட்டேவிட்டாள்.

"மலையில குதிரை மேய்க்கிறவ பொண்ணுன்னு சொல்லிக்க வெட்கமா மாஸ்டர் அவங்களுக்கு? யார்கிட்டயும் வாயைத் திறக்கறதில்ல, அம்மாகிட்டகூடவா பேசக்கூடாது?"

"கப்பு வாங்கினா தலைக்கனம் வரத்தான் செய்யும்" என்று சிரித்தார் தாலாய். "அவளை விடு. உன் தோள்பட்டையை என்னிக்காவது கண்ணாடில பாத்திருக்கியா? என்கிட்ட விட்டுரு, உன்னை மேடை ஏத்திக் காட்டறேன்."

மீரிமுக்கு முகம் சிவந்தது. பார்க்காமலா? ஜிம்மில் ஆளில்லாத நேரங்களில் அவள் கண்ணாடி முன்னால்தான் நிற்பாள். கைதட்டல்கூடக் காதில் கேட்கும்.

தாலாய் மேசையின் மேல் ஒரு மாத்திரை அட்டையை வைத்தார்.

"தினம் பாதி. வைட்டமின் மாதிரிதான். எல்லாரும் போடறதுதான்."

மீரிம் கையை நீட்டினாள்.

"அதைத் தொடாதே!"

ஒரு ஆண் குரல். யாரென்று மீரிம் திரும்பினாள். பின்னால் நின்றது பெர்மெட். அவள் கிசுகிசுக்காமல் பேசி மீரிம் கேட்டது அதுதான் முதல் தடவை.

"இவளை விட்டுரு தாலாய். இவ குரல் எனக்கு வேணும்."

"உன் வேலைக்காக அவ வளரக்கூடாதா?"

"எனக்கும் இப்படித்தான் இந்த ஹார்மோன் மாத்திரையைக் குடுத்தே. குரல் கரகரங்குதுன்னு சொன்னப்ப, போட்டி முடிஞ்சா சரியாயிரும்னே. நிறுத்திப் பாத்துட்டேன். டாக்டரையும் பாத்துட்டேன். இனிமே திரும்பாதாம்."

"மேடையில உன்னை யாரு பேசச் சொன்னா?" என்றார் தாலாய். அட்டையைப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

பெர்மெட் நாற்காலியில் உட்கார்ந்தாள். அத்தனை பெரிய தோள்கள் குலுங்கின.

"சின்ன வயசுல அம்மா மேட்டுல நின்னு கூப்பிடுவாங்க மீரிம். நான் கீழ ஓடைப்பக்கத்துலருந்து குரல் குடுப்பேன். அதை வச்சே சிரிக்கிறேனா, அழறேனான்னு சொல்லிருவாங்க. ஒரே ஒரு தடவை 'அம்மா'ன்னு கூப்பிடணும் போல இருக்கு. இந்தக் குரல்ல எப்படிக் கூப்பிட?"



அதற்குப் பிறகு மீரிம் போனில் ஒப்புக்குப் பேசவில்லை. குட்டிக்குப் பேர் வைத்தாயிற்றா, முழங்கால் வலி எப்படி என்று விசாரித்தாள். பெர்மெட் பக்கத்தில் உட்கார்ந்து அம்மா பேச்சை ஒரு சொல் விடாமல் கேட்டாள். போனை வைத்ததும், "நீ பேசினதும் அவங்க சிரிச்சாங்கல்ல?" என்பாள் ஏக்கமாக.

மந்தைகள் மலையிலிருந்து இறங்கும் பருவம் வந்தது. ஒருநாள் மதியம், தலையில் பூப்போட்ட துணி கட்டி, கையில் குதிரைப்பால் கேனோடு ஒரு அம்மா ஜிம்முக்குள் வந்து நின்றாள். சுவரில் இருந்த படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.

பெர்மெட் கையிலிருந்த எடையைக் கீழே வைத்தாள். ஓடிவந்து அம்மாவைக் கட்டிக்கொண்டாள். வாயை மட்டும் திறக்கவில்லை.

மீரிம் அவசரமாக முந்திக்கொண்டாள். "அக்காவுக்குத் தொண்டை கட்டியிருக்கும்மா. டாக்டர் பேசக்கூடாதுன்னுட்டார்."

அம்மா அவளைத் திரும்பிப் பார்த்தாள்.

"இத்தனை நாளா என்கிட்ட பேசினது நீதானா கண்ணு? நல்லாருக்கணும் நீ."



"அம்மா..."

அடக்க முடியாமல் பெர்மெட்டின் வாயிலிருந்து வந்துவிட்டது. கட்டைக் குரல். அம்மா முகம் சுளிக்கவில்லை. மகளின் கன்னத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"உனக்கு எப்பம்மா தெரியும்?"

"முதல் நாளே தெரியும். பெத்தவளுக்குத் தெரியாதா?"

"அப்புறம் ஏம்மா ஒண்ணுமே கேக்கல?"

"கேட்டிருந்தா அந்தப் போனையும் எடுத்திருக்க மாட்டே. அவ பேசறப்ப, பக்கத்துல நீ மூச்சு விடறது கேக்கும்டி. அதைக் கேக்கத்தான் கூப்பிட்டேன்."