இடக்கை வீச்சு

பக்கவாதம் வலது கையைக் கொண்டுபோன பிறகு ரோசலின் இனி தூண்டிலைத் தொடமாட்டாள் என்றே எல்லோரும் நினைத்தார்கள். அவளோ அணைக்குக் கீழே ஓடும் குளிர்ந்த ஆற்றில் இடக்கையால் வீசிப் பழகினாள். கோடை முழுக்க, தூண்டில் முள்ளில் இறகால் கட்டிய பொய்ப்பூச்சி கரையோரப் புதரில்தான் போய் மாட்டியது. மழைக்காலத்தில் மதகுகளைத் திறந்துவிட்டார்கள். ஆற்றில் இறங்க முடியாததால் வீட்டு வாசலில் நின்று வீசிப் பழகினாள். உறைபனி விழுந்த ஒரு காலையில் பூச்சி ஆற்றுச் சுழலின் ஓரத்தில் மெல்ல இறங்கியது. தண்ணீர் சளப்பென்று எழும்ப, டிரவுட் மீன் ஒன்று மாட்டிக்கொண்டது. கரையில் நின்ற கணவர் ஸ்டான்லி செருப்போடு ஆற்றில் இறங்கினார்.

"ரோசி, இங்க கொடு, நான் இழுக்கிறேன்!"

"தொட்டீங்கன்னா பாருங்க!"

தூண்டில்கோலை வலது அக்குளில் இடுக்கிக்கொண்டு இடக்கையால் நூலைச் சுற்றினாள். மீன் ஓடியபோது விட்டுக்கொடுத்தாள், களைத்தபோது இழுத்தாள். கால்மணி நேரத்தில் முழங்கை நீளமான அந்த மீன், புள்ளிகள் மின்ன, அவள் முழங்காலருகே ஆழமில்லாத நீரில் கிடந்தது. ஆசைதீரப் பார்த்தாள். பிறகு முள்ளைக் கழற்றி அதை ஆற்றிலேயே விட்டாள்.

"ஐயோ, ஒரு போட்டோகூட எடுக்கலையே!" என்று ஸ்டான்லி பதறினார்.

"அடுத்ததை எடுங்க," என்றாள் ரோசலின். அதற்குள் நூல் அவள் தலைக்கு மேல் பறந்துகொண்டிருந்தது.