ரொம்பச் சுலபம்

"'கவலைக்குத் தலை போனால் மீன் சிக்கும்.' முதல் எழுத்தை எடுத்தா வலை. இது போன மாசம் நீங்க வெச்ச குறிப்பு. பள்ளிக்கூடப் பிள்ளைகூட போட்டுச்சு," என்றார் வார இதழின் ஆசிரியர். "இந்த மூணு வாரமா நீங்க வைக்கிற குறுக்கெழுத்து எனக்கு விடையைப் பார்த்தும் புரியல!"

"தரம் உயர்ந்திருக்கு, சார்," என்றார் புதிர்க்காரர்.

"ஆமாமா, யாருக்கும் எட்டாத உயரம். வாசகர்கள் திட்டுறதை வாங்கிக்க எனக்கு ரெண்டு காது பத்தல. ஒரே சீரா வைக்க முடியலேன்னா சொல்லுங்க. அடுத்த வாரத்துலேர்ந்து அந்தப் பக்கத்துல சோப்பு விளம்பரம்தான்."

புதிர்க்காரர் அவசரமாகக் குறுக்கிட்டார்.

"நான் குருட்டாம்போக்குல வைக்கல, சார். ஒவ்வொரு புதிரையும் வீட்டுக்காரிகிட்ட குடுத்துப் பார்ப்பேன். முன்னெல்லாம் உட்கார்ந்து போடுவா, திணறுவா, நானும் குறிப்பைக் கொஞ்சம் இளக்குவேன். இப்போ பார்த்த உடனே 'ரொம்பச் சுலபம்'னு திருப்பி நீட்டிடறா. அதான் இன்னும் இறுக்கினேன்."

"போட்டுக் காட்டச் சொன்னீங்களா?"

"சொன்னேனே. 'உங்க அறிவுக்கு முன்னாடி நானெல்லாம் எம்மாத்திரம்'னா. எவ்வளவு மரியாதை பாருங்க, சார்!"

ஆசிரியர் தலையில் கை வைத்துக்கொண்டார். பிறகு எழுந்து போய் அறைக் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"அவளுக்குக் கோபம் வந்தா எதைக் கேட்டாலும் ரொம்பச் சுலபம்னுதான் சொல்லுவா. சின்ன வயசுலேர்ந்தே அப்படித்தான்," என்றார். "மூணு வாரமா என் பொண்ணுகிட்ட என்ன சண்டை, மாப்பிள்ளை?"