அக்காவின் கைத்தவறு

"வரும்போது பால் வாங்கிட்டு வாங்க. சீக்கிரம் வந்துடுங்க."

மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் மாட்டிக்கொண்டிருந்தவனுக்கு, போனில் வந்த செய்தியைப் பார்த்ததும் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. மறுபடியும் அக்காதான். புருஷனுக்கு அனுப்ப வேண்டியதைத் தம்பிக்கு அனுப்பியிருக்கிறாள்.

"அக்கா, இது நான்" என்று தட்டினான்.

"ஐயோ, கை தவறிடுச்சுடா. சாப்பிட்டியா?"

"ஆச்சு." போனைக் கவிழ்த்து வைத்தான்.

கல்லாவில் இருந்த முதலாளி சிரித்தார். "மறுபடியும் அக்காவா? ஒரு நாள் கூட்டிட்டு வாப்பா, கண்ணை டெஸ்ட் பண்ணிடுவோம்."

அவனுக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரே போர்வைக்குள் விடிய விடியக் கதை பேசியவள்தான். கல்யாணமானதும் தம்பியைக் கறிவேப்பிலையாய் ஒதுக்கிவிட்டாள். வீட்டுக்கு வாடா என்று கூப்பிட்டு எவ்வளவோ நாளாயிற்று. ரோஷத்தில் இவனும் போகவில்லை.

வாடகை அறையில் சுவரைப் பார்த்துச் சாப்பிடுகிறவனிடம், 'எனக்குப் பால் வாங்கி வர ஆள் இருக்கு' என்று அடிக்கடி சொல்லிக்காட்டினால் எப்படி இருக்கும்? வெந்த புண்ணில் வேல் பாய்ச்சுகிற மாதிரிதான்.

மறுநாள், "குடை எடுத்துட்டுப் போனீங்களா?" என்று வந்தது.

அவ்வளவுதான். கடைக்கு வெளியே போய் அக்கா புருஷனுக்கே போன் போட்டான்.

"மாமா, உங்க நம்பரை அக்கா போன்ல ஒழுங்கா ஏத்திக் குடுங்க. உங்களுக்கு அனுப்பறதெல்லாம் எனக்கு வருது. உயிரை வாங்கறா."



"தம்பி... உங்க அக்கா சொல்லவே இல்லையா? நாங்க பிரிஞ்சு ஒரு வருஷத்துக்கு மேல ஆச்சுப்பா. அந்த வீட்ல அவ மட்டும்தான் இருக்கா."

அப்படியென்றால் அது கைத்தவறே இல்லை. தம்பியிடம் ஒரு வார்த்தை பேச அவளுக்கு ஒரு சாக்கு வேண்டியிருந்திருக்கிறது. சாப்பிட்டியா என்று கேட்டவளை, நீ சாப்பிட்டியாக்கா என்று இவன் ஒரு தடவைகூடத் திருப்பிக் கேட்டதில்லை. நினைக்கவே வெட்கமாக இருந்தது.

அக்காவுக்குப் போன் போட்டான். முதல் மணியிலேயே எடுத்துவிட்டாள்.

"என்னடா," என்றாள் அவசரமாக. "கை தவறி எனக்குப் போட்டுட்டியா?"